நோயாளியின் கடன்

ஈதலைப் பற்றி எம் நூல்களும் எம் மேடைகளும் பேசியிருப்பது மிகப் பெரிது. ஏற்றலைப் பற்றிப் பேசியிருப்பது சிறிது. அச்சிறிதும் இரத்தலின் இழிவைச் சொல்வதாகவே முடியும். இரவாமலே, வேண்டாமலே, சிலபோது நினைவே இன்றிக் கிடக்குங்கால் பிறர் கையால் உயிரைப் பெற்றுக்கொண்டவன் நிலை யாது? அவன் பட்ட கடன் எவர்க்கு? அதனைத் தீர்க்கும் வழி உளதா? இவற்றினும் கடியதொரு வினாவும் உண்டு. அக்கை, நாம் நெடுங்காலம் மனத்தாங்கல் கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தாரைச் சேர்ந்த கையாயிருப்பின், அக்கடன் அம்மனத்தாங்கலை அழித்துவிடுமா? அண்மையில் எதிர்பாராது நோய்ப்பட்டு வைத்தியசாலையிற் கிடந்து, வீடு மீண்டு, காலை நீட்டியபடி ஆறு வாரம் இருந்த காலத்தில் இவ்வினாக்கள் என்னை வருத்தின. ஆசிரிய அன்பர்கள் நன்றியறிதலை நாள்தோறும் பிள்ளைகட்குக் கற்பிப்போராதலின், அவர்கள்முன் இதனை வைத்தல் தகுமெனத் துணிந்தேன்.

திருக்குறளில் மருந்து என்பது 95 ஆம் அதிகாரம். அதன் இறுதிக்குறள் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக் கூறுகின்றது. நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்பன அவை. உரைகண்ட பரிமேலழகர் ஒவ்வொன்றனையும் மேலும் நந்நான்காக வகுத்தனர். நோயாளனுக்கு வேண்டுவன பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோயின் நிலையை எடுத்துரைக்க வல்லனாதல், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. வடமொழியில் வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயமும் ஏறத்தாழ இவ்வாறே கூறும். பணிசெய்வோனுக்குரியவற்றுள் முதலாவது நோயாளன்மீது அன்பு. மருத்துவனுக்குக் கல்வியும் அஞ்சாமையும் பழக்கமும் தூய்மையும் சொல்லப்பட்டனவேயன்றி அன்பு சொல்லப்படவில்லை. அது பணிசெய்வோன் பங்கிலேயே வைக்கப்பட்டது. இதனை எத்தனையோ ஆண்டு வகுப்பிற் படித்துக்காட்டியிருக்கின்றேன். கட்டிலிற் கிடந்தபோதே அதன் பொருள் விளங்கிற்று.

நோயாளனுடைய நான்கனுள் முதலாவதாகப் பொருளுடைமை நிற்றலை நோக்குக. பணங்கொடுத்து முடிக்குங் கணக்கில் நன்றி வேறு வேண்டுவதில்லை எனக் கருதிப்போலும் உரையாசிரியர் அதனைச் சேர்த்திலர். இலங்கையிலோ அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. கூலிக்காரனும் காணிக்காரனும் அடுத்தடுத்த கட்டிலில் ஒரே மருந்தை விலையின்றிப் பெறுகின்றனர். இது பெரும் பேறு. ஆயினும், பொருள் நீங்கியமையால் வெறிதாய்க் கிடக்கும் அம்முதலிடத்தில் எதனை வைப்பது?

மார்கழி மாதத்தில், பெரும்போக வேளாண்மை நின்ற வயலுக்கு வக்கடை பார்க்கச் சென்றேன். இடக்காற் குதியில் நெடுநாளாக வெடிப்பு உண்டு, அதனைப் பொருட்படுத்தியதில்லை. மூன்றாம் நாள் மாலை நடுக்கமுங் காய்ச்சலுங் கண்டன. விடியுமுன் கால் முழங்கால்வரை சிவந்து வீங்கித் தொட்டால் நெருப்பாயிற்று. எலிக்காய்ச்சலோ என வீட்டார் அஞ்சினர். சேற்றிற் காலிறங்குவோர்க்கு அவ்வச்சம் இயல்பே. அயலிலுள்ள அரசினர் வைத்தியசாலையிற் காட்டியபோது, வெடிப்பின்வழிக் கிருமி புகுந்து தோலின்கீழ் அழற்சி ஏறியிருக்கின்றதென்றும், செலுலைட்டிஸ் என்பது அதன் பெயரென்றும், எனக்குச் சீனி வருத்தம் இருப்பதை யான் அறியாதிருந்தமை அதற்கு நல்ல துணையாயிற்றென்றுங் கூறி, அப்போதே விடுதியிற் சேர்த்தனர். இளம் வைத்தியரொருவர் சிவப்பின் எல்லையைப் பேனாவினாற் காலின்மேற் கோடிட்டுக் குறித்தார். சிவப்பு கோட்டைத் தாண்டினால் மருந்து தோற்கின்றது. உள்ளே ஒடுங்கினால் வெல்கின்றது. பூமிசாத்திரம் கற்பிக்கும் எனக்கு என் காலே தேசப்படமாயிற்று. இரண்டு நாள் எல்லை தாண்டப்பட்டது. நரம்பின்வழி மருந்து ஏற்றினர். மூன்றாம் நாளிரவு சிவப்பு நின்றது; ஒன்பதாம் நாள் துண்டு வெட்டி அனுப்பினார்கள்.

அவ்விரண்டு நாளும் என்னைப் புரட்டியவரும், கழுவியவரும், மலசலப் பாத்திரம் வைத்து எடுத்தவரும், நனைந்த சாரத்தை மாற்றியவரும் ஒரு சிற்றூழியர். சம்மாந்துறையைச் சேர்ந்த முஸ்லிம் அன்பர். முப்பத்தைந்து வயதிருக்கலாம். முப்பதாண்டாகப் பிள்ளைகள் எழுந்து நிற்க உள்ளே நுழைந்து பழகியவன் யான். ஒருவர் கையில் உடம்பை ஒப்புவித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தேன். அவரோ, தம் வீட்டுக் கிழவரொருவரைக் கழுவுவார்போல, மழையைப் பற்றியும் நெல்விலையைப் பற்றியும் பேசிக்கொண்டே வேலையைச் செய்தார். பேச்சினூடே, ‘ஐயா எந்த ஊர்?’ என்றார். ‘காரைதீவுப் பக்கம்’ என்றேன்.

அது பொய். என் ஊர் வீரமுனை. சம்மாந்துறையை ஒட்டியது.

வீடு மீண்டபின் வந்த தளர்ச்சி நோயினும் பெரிது. வைத்தியசாலையில் மனிதன் நோயாளன். வீட்டிலோ வேலைசெய்யாத வீட்டுத்தலைவன். கிணற்றடிக்குப் போக மகன் தோள் வேண்டும். சோறும் கஞ்சியும் அளந்து வரும். காலை உயர்த்தி வைத்திருக்க வேண்டுமென்பது கட்டளையாதலின், வருவோரையெல்லாம் பாதங்காட்டி வரவேற்கும் அவமரியாதையும் சேர்ந்தது. வந்தோரோ பலர். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமும் திண்ணையிற் குவிந்தன. ஒவ்வொருவரும் ஒரு பரிகாரமும், அதே நோயால் இறந்த ஒருவர் கதையும் கொண்டுவந்தனர். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859 ஆம் ஆண்டில் நோயாளர் பராமரிப்பைப் பற்றி எழுதிய நூலில், நலம் விசாரிக்க வந்து பொய்யான நம்பிக்கையும் அறியாத யோசனையும் சொல்லி நோயாளனைக் களைப்பிக்கும் நண்பர்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கின்றார். அதனை எம்மூர்த் திண்ணைகளில் ஒட்டிவைக்கலாம். எனினும், வாராதிருந்திருப்பின் யான் வருந்தியிருப்பேன் என்பதையும் மறைத்தல் ஆகாது.

இரண்டாம் வாரத்திற் சிறிது பலம் வந்தவுடன் முதலிற் செய்ய நினைத்தது அச்சிற்றூழியரின் கடனைத் தீர்ப்பது. மகனை அழைத்து, எம் வயலரிசியில் ஒரு மூடையும், கடிதவுறையில் ஒரு தொகையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி சொன்னேன். மூடையைத் திண்ணையில் எடுத்து வைத்தாயிற்று. என் மனைவி அதனைப் பார்த்துவிட்டு, ‘கூலி கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கிறீர்களோ?’ என்று கேட்டாள். பரிசு கொடுப்பது குற்றமாவென்று சினந்தேன். அவள் மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு உறக்கம் வாராமையாற் கூரையைப் பார்த்துக் கிடந்தபோது அவள் கேட்டதே உண்மையென்று தெரிந்தது. அவருக்குக் கடன்பட்டிருக்கும்வரையில் பழைய வெறுப்பை மனமார வைத்திருக்க இயலவில்லை. கடனைக் கொடுத்துத் தீர்த்துவிட்டால் அவ்வெறுப்புக்கு மீண்டும் உரிமை வந்துவிடும். அதற்காகவே அரிசி மூடை.

பழைய வெறுப்பு இன்னதென்பதை இப்பக்கத்து வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தொலைவிலுள்ளோர்க்காகச் சில சொற்கள். 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் எமதூரார் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலிலும் பாடசாலையிலும் அடைக்கலம் புகுந்திருந்தனர். ஆகஸ்டு 12 ஆம் நாள் அவ்வடைக்கலத்திலேயே பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் அகதிகளாய்ப் போயினர். அப்போது எனக்கு இருபது வயது. அதே மாதத்தில், ஆகஸ்டு 3 ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். எமக்கு நேர்ந்த அந்நாட்களிலேயே ஏறாவூரிலும் அவர்களுட் பலர் பெண்டிர் பிள்ளைகளுடன் மாண்டனர். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவோன் வரலாறு சொல்பவனல்லன். யானோ முப்பது ஆண்டுக்குமேல் ஒன்றையே எனக்குட் சொல்லிவந்தேன். அந்த ஊர்க் கடையிற் பொருள் வாங்குவேன்; அந்த ஊர் ஆசிரியரோடு கூட்டங்களில் அமர்வேன்; ஒரு வீட்டுப் படியேறியதில்லை. அச்சிற்றூழியர் அந்த ஆண்டில் கைக்குழந்தை. அவரிடமே என் ஊர்ப்பெயரை மறைத்தேன்.

இனி, இவ்விடத்தில் இருசாரார் இருவகை கூறுவர். ஒருசாரார், ‘ஒருவர் செய்த நன்மையினால் எல்லாம் மறக்கப்பட வேண்டும், பழையதைப் பேசுதல் நன்றிக்கேடு’ என்பர். மற்றொருசாரார், ‘அவர் சம்பளத்துக்குத் தம் வேலையைச் செய்தார், நன்றி எதற்கு?’ என்பர். பின்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஏனெனின் அது ஆசிரியர் வாயிலிருந்தே என் திண்ணையிற் கேட்டது. அன்பரே, நாமும் சம்பளம் வாங்குவோரன்றோ? மாதமுடிவிற் பணம் பெற்றுக்கொண்டமையால் மாணவன் நமக்கு ஒன்றும் கடப்பாடுடையனல்லன் என்று எவரேனும் சொன்னால் நம் முகம் எப்படியாகும்? சம்பளம் கற்பித்த மணிக்கணக்கிற்கு. மந்தமான பிள்ளையின் அருகிருந்து நான்காம் முறையும் சினவாது சொல்லிக்கொடுத்ததற்கு எந்தத் திணைக்களமும் விலை வகுத்ததில்லை. பாத்திரம் வைத்து எடுப்பது சிற்றூழியர் வேலை. நெல்விலை பேசி என் நாணத்தை மறைத்தது அவர் வேலையிற் சேர்ந்ததன்று.

முன்னையது இதனினும் அரிது. அதனை ஆராயப் பெரியாரொருவர் நோய்ப்பட்ட வரலாறு துணைசெய்யும்.

காந்தியடிகள் 1909 ஆம் ஆண்டில் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ் என்னும் நூலில் மேனாட்டு மருத்துவத்தையும் வைத்தியசாலைகளையும் மிகக் கடுமையாகப் பழித்தவர். உடம்பைப் பேணும் ஒழுக்கத்தை அவை கெடுக்கின்றன என்பது அவர் கருத்து. 1922 ஆம் ஆண்டு மார்ச்சில் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்று எரவாடாச் சிறையிலிருந்தார். 1924 ஆம் ஆண்டு ஜனவரியிற் குடல்வால் அழற்சியால் வயிற்றுவலியும் காய்ச்சலும் மிகுந்தன. 12 ஆம் நாள் பூனா சாசூன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயினர். தம் மருத்துவ நண்பர்களை அழைக்க விரும்பினார். அவர்கள் வந்துசேருமட்டும் காத்திருத்தல் இயலாதென்றாயிற்று. கத்தி எடுக்க வேண்டியவர் கர்னல் மடொக் என்னும் ஆங்கிலேயர். அடிகளைச் சிறையிலிட்ட அதே அரசின் ஊழியர்.

அப்போது அருகிலிருந்தவர்களுள் ஒருவர் வலங்கைமான் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். நம்மைப்போல் ஆசிரியராயிருந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையின் தலைமையாசிரியர், அடிகளின் ஒத்துழையாமைக் கொள்கையை ஏற்காதவர். அவரையே தமக்குச் சாட்சியாக அடிகள் அழைப்பித்தார் என்பது ஊன்றி நோக்கற்பாலது. மடொக்கிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டென்றும், தமக்குக் கவனத்துடன் சிகிச்சை செய்யப்பட்டதென்றும் விளங்க எழுதுவித்து, அடிகள் கையொப்பமிட்டார், கை நடுங்கிற்று. தாம் இறந்துபட்டால் மக்கள் அம்மருத்துவர்மேற் பழி ஏற்றுவர் என்பதை அறிந்தே அதைச் செய்தார் என்று கொள்ளலாம். தம்மைப் பின்பற்றுவோர்க்குச் செய்தி உண்டோ எனச் சாஸ்திரியார் வினவினார். கைதியாயிருப்போன் செய்தி அனுப்புதல் முறையன்று என்று அடிகள் மறுத்துவிட்டார். கத்தி வயிற்றிற் பட்டுக்கொண்டிருக்கும்போதே மழைக்காற்றில் மின்னொளி நின்றது. அரிக்கேன் லாம்பின் வெளிச்சத்தில் மடொக் வேலையை முடித்தார்.

பெப்ருவரி 5 ஆம் நாள் அரசு அடிகளை விடுதலை செய்தது. பம்பாயை அடுத்த ஜுஹூக் கடற்கரையில் நண்பர் வீடொன்றிற் பல வாரம் தங்கித் தேறினார். அங்கே அவர் என் செய்தார்? மடொக்குக்கும் தாதியர்க்கும் தம் நன்றியை ஊரறியச் சொன்னார். அதனோடு, கைதி நோய்ப்பட்டான் என்பது அவனை விடுவித்தற்குத் தக்க காரணமன்று. இவ்விடுதலையால் எனக்கு மகிழ்ச்சியில்லை என்னும் பொருள்படவும் எழுதினார். உயிரைக் காத்தமைக்காக அரசுமீதிருந்த வழக்கைக் கைவிடவில்லை. ஏப்ரலிற் பத்திரிகைப் பொறுப்பை மீண்டும் ஏற்று அவ்வழக்கையே எழுதினார். வழக்கிருந்தமையால் நன்றியைக் குறைத்துச் சொல்லவுமில்லை. ஒரு கணக்கில் வரவை எடுத்து மற்றொரு கணக்கிற் கழிக்கும் பழக்கம் அவர்க்கில்லை. வணிகக் குடியிற் பிறந்தவர், இதனை நம்மினும் நன்கு அறிந்திருப்பார்.

வைத்தியசாலையைப் பழித்த கொள்கை என்னாயிற்று என்று கேட்கலாம். நோய் வந்தது தம் ஒழுக்கத்தின் குறையென்றே அவர் பின்னும் கருதினார். இவ்விடத்தில் அடிகளோடு யான் உடன்படேன். பிளந்த குதியோடு சேற்றில் இறங்கியது மடமை, அது பாவமன்று. மருந்தை ஏற்றுக்கொண்டு மருத்துவத்தைக் குறைகூறுவது நன்றிக்கேடு என்று அவரைப் பழித்தோரோடும் உடன்படேன். அறிந்து கூறும் குறையும் ஒருவகைக் கைம்மாறே.

எம் சமயத்தோர்க்கு இவ்வாறு இருகணக்கு வைத்தல் புதிதன்று. திலகவதியாரை நினைக்க. தமக்குக் கணவராக வரவிருந்த கலிப்பகையார் போரில் மாண்டபின், தம்பியின்பொருட்டே உயிர் வைத்திருந்தவர். அத்தம்பி மருணீக்கியார் சமணஞ் சேர்ந்து தருமசேனராய்ப் பாடலியிற் பெருமையுற்றார். சூலை வருத்தியது; ஆண்டிருந்தோர் செய்த பரிகாரங்கள் பயன்படாவாயின. சமையற்காரனை அனுப்பித் தமக்கையாரை அழைப்பித்தார். அம்மையார், யான் அம்மடத்துக்கு வருகிலேன் என்று மறுத்தார். அம்மறுப்பில் அன்பு குறைந்ததா? இல்லை. இரவிலே பாயையும் பீலியையும் ஒழித்து, வெள்ளாடை உடுத்து, பிறர் கைத்தாங்கலாகத் திருவதிகைக்கு வந்து அடியில் விழுந்த தம்பியை, ஏன் போனாய் என ஒரு சொல் கேளாது ஏற்றுத் திருநீறு கொடுத்தார். போகேன் என்றதும் அவரே. வா என்றதும் அவரே. சேக்கிழார் அவ்விரண்டனையும் ஒன்றுக்கொன்று மாறாக வைத்திலர்.

இக்கதையை வகுப்பிற் சொல்லுங்கால் யான் ஒருபோதும் எழுப்பாத வினாவொன்றும் இப்போது எழுகின்றது. பீலியால் தடவியும் நீர் ஓதிக் கொடுத்தும் தம்மால் இயன்றதைச் செய்த அச்சமணர்க்குத் தருமசேனர் பட்ட கடன் யாது? பரிகாரம் பலியாதொழிந்தமையால் அவர்கள் விழித்திருந்த இரவும் பொய்யாகுமா? இதற்கு விடை என்னிடமில்லை. மிஷன் பாடசாலையாகத் தொடங்கியதொன்றிற் படித்தவன் யானாதலின் இவ்வினா என்னை எளிதில் விடுவதுமில்லை. எனக்கு எண்ணும் எழுத்தும் ஆங்கிலமும் ஈந்தோர் என் சமயத்தை இருளென்றே கருதினர். நாவலர் பெருமானும் வெஸ்லியன் பாடசாலையிற் பார்சிவல் பாதிரியாரிடம் கற்று, ஆண்டே கற்பித்து, அவர்க்கு வேதாகம மொழிபெயர்ப்பிலும் துணைநின்று, 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். பிரிந்தார், கற்ற முறையை எறிந்துவிட்டுப் பிரிந்திலர்.

கடன் எவர்க்கு என்ற முதல் வினாவுக்கு இன்னும் திரும்பவில்லை. வீட்டுக்கு வரும்போது ஒரு பொதி மாத்திரை கொடுத்தனர். நாளுக்கு நான்கு வேளை. ஐந்தாம் நாளிற் காய்ச்சல் முற்றும் விட்டது. எஞ்சியதை நிறுத்தி, பல்வலியால் வருந்திய அயலவரொருவர்க்குக் கொடுக்க எண்ணினேன். கொடைதானே என்பது என் நினைப்பு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 ஆம் ஆண்டு நோபெற் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இத்தகைய ஒருவன் கதையைச் சொல்லியிருக்கின்றார். தொண்டைநோவுக்குத் தானே மருந்து வாங்கி அளவு குறைய உண்கிறான். கிருமிகள் சாவதற்கு அது போதாது. மருந்தை எதிர்க்கப் பாடம் பயில்வதற்குப் போதும். பயின்ற கிருமிகள் அவன் மனைவியைப் பற்றுகின்றன, அவளுக்கு அம்மருந்து பயன்படவில்லை, இறக்கிறாள். எவர் கொன்றார்? கற்பனைக் கதைதான். ஆயினும் 2019 ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேர்க்காரணமாக உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம்பேர் இறந்தனர் என மருத்துவ ஆய்வாளர் கணித்துள்ளனர். எத்தனை நாள் உண்பது என்பதை மருத்துவரே வரையறுப்பர். சில நோய்க்கு முன்னையினும் குறைந்த நாட்களே போதுமென இப்போது கண்டிருக்கின்றனர். அவ்வரையறை என் கையில் இல்லை என்பதே இங்கு வேண்டியது. பரிமேலழகர் சொன்ன இரண்டாவது குணம், மருத்துவன் வழி நிற்றல், இதுகாறும் என் நலத்துக்கென்றே நினைத்திருந்தேன்.

அம்மாத்திரைகளின் பின்னே இன்னொருவரும் நிற்கின்றார். 1941 ஆம் ஆண்டு பெப்ருவரியில், ஒக்ஸ்போர்டு நகரில், அல்பேர்ட் அலெக்சாந்தர் என்னும் பொலிஸ்காரர் கிருமியேற்றத்தால் ஒரு கண்ணையும் இழந்து கிடந்தார். அவர்க்குப் பெனிசிலின் ஏற்றினர். ஒருநாளிற் குணம் தெரிந்தது, காய்ச்சல் தணிந்தது, உணவு கொண்டார். அன்று உலகத்திலிருந்த அம்மருந்து மிகச் சிறிது. அவர் சிறுநீரிலிருந்தும் மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர். ஐந்து நாளில் அதுவும் தீர்ந்தது. நோய் திரும்பிற்று; மார்ச்சு 15 ஆம் நாள் இறந்தார். மருந்து பலிக்கும் என்பதும், அளவு போதாவிடிற் பயனில்லை என்பதும் அவருடம்பிற் கற்ற பாடங்கள். என் காலிற் கோடு தாண்டிய சிவப்பு மூன்றாம் நாள் திரும்பியதற்கு அவர்க்கும் ஒரு பங்கு உண்டு. அவர்க்கு எவ்வழியால் அரிசி மூடை அனுப்புவேன்?

மூடை திண்ணையிலேயே ஒரு வாரம் கிடந்தது. பின்னர் என் மனைவி அதைக் குசினிக்குள் எடுத்துவிட்டாள், நாங்களே உண்டோம். மாத்திரைகளையும் முடியுமட்டும் உண்டேன். அயலவரைப் பல்வைத்தியரிடம் அனுப்பினேன். அவர்க்கு என்மேற் சிறு கோபம். 1990 ஆம் ஆண்டு என் மனத்தில் இருந்தபடியே இருக்கின்றது. இறந்தோர் என் உறவினர்; அவர்கள் சார்பில் ஒன்றையும் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால், அக்கணக்கில் அச்சிற்றூழியர் பெயரும், அவர்போன்றார் பெயரும் முப்பது ஆண்டாய் எழுதப்பட்டிருந்தன, எழுதியவன் யானே. அப்பிழையைத் திருத்த எவருடைய அனுமதியும் எனக்கு வேண்டியதில்லை.

ஆறாம் வாரம் கிளினிக்குக்குப் போனேன். மழை. மருந்து கட்டும் அறை வாயிலில் அவரே நின்றார். என்னை அறிந்துகொள்ளவில்லை. அவர் கையில் நாளொன்றுக்கு எத்தனை உடம்பு புரளும்! வாங்கில் இருத்தி, காலைத் தூக்கித் தம் முழங்கால்மேல் வைத்து, கட்டை அவிழ்த்தார். ‘நல்லாக் காஞ்சிட்டுது. ஐயா எந்த ஊர்?’ என்றார்.

‘வீரமுனை’ என்றேன்.

‘அப்ப கிட்டத்தானே. தண்ணி படாமப் பாத்துக்கொள்ளுங்க. மழை விடும்வரைக்கும் வயலுக்குள்ள இறங்காதீங்க’ என்று சொல்லிப் புதுத்துணி சுற்றிவிட்டு, அடுத்தவரை அழைத்தார்.